மூடிய சன்னல்களின் சரித்திரம்: சுவிட்சர்லாந்தின் மலையூர்களில் இரண்டாம் வீடும் குடியிருப்பும்

கோடைக்கு வந்த நடைப்பயணிகள் இறங்கிப் போய், பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் இன்னும் ஏறி வராத நவம்பர் மாதத்து மாலையில் ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் நடந்து செல்பவனுக்கு, தெரு நெடுக மரச்சன்னல்கள் சாத்திக் கிடக்க, எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் விளக்கெரியும் காட்சியே முதலில் கண்ணில் படும். ஜனங்கள் கைவிட்டுப் போன ஊரன்று அது. விலை கொடுத்து வாங்க வருகிறவர்கள் வரிசையில் நிற்கும் ஊர். வருஷத்தில் சில வாரங்களுக்கு மட்டும் ஆள் படுத்தெழும் இவ்வீடுகளை அந்நாட்டார் 'குளிர்ந்த படுக்கைகள்' என்று அழைக்கிறார்கள். இப்படுக்கைகள் எவ்வாறு பெருகின, அவற்றைக் கட்டுப்படுத்த அந்த ஜனநாயகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக என்னென்ன சட்டங்களை இயற்றிப் பார்த்தது, அச்சட்டங்கள் ஊரிலேயே பிறந்து ஊரிலேயே உழைத்து வாழ விரும்பும் குடும்பத்திற்கு ஒரு கூரையைத் தந்தனவா என்பதே இக்கட்டுரையின் விசாரணை. நிலக்காட்சியைக் காக்கப் பிறந்த சட்டம் வேறு, குடியிருப்பைக் காக்கப் பிறக்கவேண்டிய சட்டம் வேறு என்பதும், முன்னது பின்னதன் வேலையைச் செய்துவிடும் என்று நம்பியதால் நேர்ந்த துன்பம் சிறிதன்று என்பதும் என் அபிப்பிராயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுக்களும் நோயாளிகளும் மலைக்காற்றைத் தேடி வந்த காலத்தில், பிரயாணிக்கு வீடு தேவைப்படவில்லை. அவனுக்காக ஹோட்டல்கள் எழுந்தன. ஹோட்டலின் ஒரு படுக்கையில் பருவம் முழுவதும் பலர் மாறி மாறித் தங்குவதால், அதைச் சுற்றிச் சமையற்காரன், சலவைக்காரி, வண்டிக்காரன், பாற்பண்ணைக்காரன் என்று பல ஜீவனங்கள் நடந்தன. முதல் உலக யுத்தம் மூண்டு விருந்தினர் வரத்து நின்றபோது, இருக்கிற விடுதிகளாவது பிழைக்கட்டும் என்று 1915-இல் கூட்டாட்சி அரசாங்கம் அனுமதியின்றிப் புதிய ஹோட்டல் கட்டலாகாது என விதித்தது; அக்கட்டுப்பாடு 1952 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. சுற்றுலாக் கட்டடங்களை எண்ணி அளந்து அனுமதிக்கும் எண்ணம் அந்நாட்டிற்குப் புதியதன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பெரிய மாறுதல், அதிகம் பேசப்படாத ஒரு சொத்துரிமைச் சட்டத் திருத்தத்தின் வழியாக வந்தது. வாலே மாநிலத்தின் பழைய கிராமங்களில் அண்ணன் தம்பிகள் தகப்பன் வீட்டை மாடி மாடியாகப் பிரித்து, கீழ்த்தளம் ஒருவனுக்கும் மேல்தளம் ஒருவனுக்குமாக ஆண்டு வந்த சம்பிரதாயம் உண்டு. 1912-இல் அமலுக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பு, வழக்குகளுக்கு வித்து என்று கருதி அத்தகைய மாடி உடைமைக்கு இனி இடமில்லை என்றது. அதே உரிமை 1965 ஜனவரி 1 முதல் புது உருவில் மீண்டும் சட்டத்தில் இடம்பெற்றது. நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, மோட்டார் வண்டியும் வந்துவிட்ட அந்தச் சமயத்தில், முழு வீடு வாங்க இயலாதவனும் மலையில் இரண்டு அறைகளுக்குச் சொந்தக்காரனாகலாம் என்ற நிலை பிறந்தது. ஹோட்டல் கட்டுபவன் இட்ட முதலை மீட்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். அடுக்குமாடி கட்டி விற்பவனுக்கோ விற்ற அன்றே முதலும் லாபமும் கைக்கு வந்துவிடும். வைக்கோலுக்குப் பயன்பட்ட புல்வெளி கட்டடமனையாகிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

இதைக் கண்டு எழுந்த முதல் அச்சம் வீட்டைப் பற்றியதாக அன்றி அந்நியரைப் பற்றியதாகவே இருந்தது. வெளிநாட்டில் வசிப்போர் நிலம் வாங்க அனுமதி பெறவேண்டும் என்ற 1961-ஆம் வருஷத்துத் தீர்மானம், அதை இறுக்கிய 1973-ஆம் வருஷத்துத் திருத்தம், விடுமுறை வீடுகளுக்கு மாநிலவாரியாக ஒதுக்கீடு வகுத்த 1983-ஆம் வருஷத்துச் சட்டம் ஆகிய மூன்றும் அந்தந்த அமைச்சரின் பெயரால் வழங்கி, இன்று பிற்காலத் திருத்தத்தை முன்னின்று நடத்திய அமைச்சர் கோலரின் பெயரால் அறியப்படுகின்றன. ஒதுக்கீட்டின் உச்சம் பின்னர் நாடு முழுமைக்கும் வருஷத்திற்கு 1500 வீடுகள் என்றாயிற்று. தாயகத்தை விற்றுத் தீர்ப்பதற்கு எதிராக என்ற முழக்கத்தோடு இன்னும் கடுமையான விதியை வேண்டிய மக்கள் முன்முயற்சியை 1984 மே மாதத்தில் வாக்காளர்கள் குறுகிய வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். இச்சட்டங்களுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்றுண்டு: அவை வாங்குபவனின் கடவுச்சீட்டைப் பார்த்தனவேயன்றி, வாங்கிய வீட்டில் எத்தனை நாள் அடுப்பெரியும் என்று கேட்கவில்லை. ஜெர்மானியனின் பூட்டிய வீட்டிற்கும் சூரிச் நகரத்து வைத்தியரின் பூட்டிய வீட்டிற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணில் என்ன பேதம்?

நிலத் திட்டமிடலும் இதே காலத்தில்தான் மெல்ல உருவாயிற்று. அதற்குரிய அதிகாரம் 1969-இல் அரசியல் சாசனத்தில் ஏறியது. 1972-இல் அவசரத் தீர்மானம் ஒன்று தற்காலிகமாகச் சில பகுதிகளைக் காத்தது. 1976-இல் ஒரு மசோதா வாக்கெடுப்பில் தோற்றது. 1980-இல்தான் சட்டம் அமலாயிற்று. ஆயினும் எது கட்டடமனை, எது புல்வெளி என்று வரைபடத்தில் கோடு கிழிக்கும் அதிகாரம் ஊராட்சியிடமே தங்கியது. மனை விற்கிறவர், கட்டுகிறவர், வாக்களிக்கிறவர் எல்லாரும் ஒரே சபையில் அமர்ந்திருக்கும் சிற்றூரில் அக்கோடு தாராளமாகவே விழுந்தது. இதற்காக அம்மக்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. பல தலைமுறை வறுமைக்குப் பின் தன் சரிவு நிலத்திற்கு முதன்முதலாக விலை வந்ததைக் கண்ட விவசாயியிடம், அழகைக் காப்பதற்காக நீ ஏழையாகவே இரு என்று சமவெளிக்காரன் சொல்வது நியாயமாகுமா?

ஆனால் விற்றதன் செலவு ஊராட்சியின் கணக்குப் புத்தகத்தில் பின்னர்தான் தெரியவந்தது. குடிநீர்க் குழாயையும் கழிவுநீர் நிலையத்தையும் சாலையையும் சராசரி நாளுக்காகக் கட்ட முடியாது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும் பிப்ரவரியின் விடுமுறை வாரங்களிலும் வீடெல்லாம் நிறையும் அந்தச் சில நாட்களின் உச்சத்திற்காகவே கட்டவேண்டும். மீதி நாட்களில் அவை முக்கால் வெறுமையாக ஓடினாலும் பராமரிப்புச் செலவு குறையாது. அந்நாட்டில் வருமான வரியில் ஒரு பங்கு ஊராட்சிக்குச் சேர்வதாயினும், அது குடியாகப் பதிவுபெற்ற ஊருக்கே போய்ச் சேரும். விடுமுறை வீட்டுக்காரன் சம்பாத்தியத்தின் பெரும்பங்கு நகரத்தில் தங்கிவிட, மலையூருக்குச் சொத்தைச் சார்ந்த வரியும் சில கட்டணங்களுமே கிட்டும். ஊர்ச்சபையில் அவனுக்கு வாக்கும் இல்லை. ஆதலால் ஊருக்கும் அவனுக்கும் இடையே வீடு உண்டு, பிரஜைத்தனம் இல்லை.

வீட்டுச் சந்தையில் விளைந்தது இன்னும் கொடிது. ஒரே வீட்டிற்கு இருவர் போட்டியிடும்போது, ஒருவன் பள்ளி ஆசிரியர் அல்லது மின்ரயில் பழுதுபார்ப்பவரின் மாதச் சம்பளத்திலிருந்து விலை சொல்கிறான். மற்றவன் பெருநகரத்தில் சேர்த்த உபரிச் செல்வத்திலிருந்து சொல்கிறான். விலை எவன் பக்கம் சாயும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. பாகப்பிரிவினையும் இதற்குத் துணைபோகும்: தகப்பன் இறந்தபின் வீட்டை வைத்துக்கொள்ள விரும்பும் மகள், உடன்பிறந்தாருக்கு அவர்கள் பங்கைச் சந்தை விலைப்படி கொடுக்கவேண்டியிருப்பதால், அன்புக்குக் குறைவில்லாத குடும்பத்திலும் வீடு வெளியார் கைக்குப் போகிறது. எங்கடீன் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், சென் மோரிட்ஸ் முதலான ஊர்களில் வேலை செய்வோரில் பலர் மலோயா, பெர்னினா கணவாய்களுக்கு அப்பால் இத்தாலியிலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர்கள். அப்பள்ளத்தாக்கின் சொந்த மொழியாகிய ரொமான்ஷ், 1938-இல் தேசிய மொழியாக மக்கள் வாக்கினாலேயே ஏற்கப்பட்ட மொழி. மொழி குன்றியதற்குக் காரணம் பலவாயினும், அதைப் பேசும் இளங்குடும்பம் வீடின்றிப் பள்ளத்தாக்கை விட்டு இறங்கும்போது தெருவில் அம்மொழியில் விளையாடும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைகிறது என்பதைத் தாய்மொழியை நேசிக்கும் எவரும் மனவேதனையின்றி எண்ண இயலாது.

ஊராட்சிகள் வாளாவிருக்கவில்லை. புதிய கட்டடத்தில் இன்ன பங்கு நிரந்தரக் குடிகளுக்கே என்று சில விதித்தன. வருஷத்திற்கு இத்தனை சதுர மீட்டருக்கு மேல் விடுமுறை வீடு கூடாதென்று சில வரையறுத்தன. சில்வாப்லானா என்னும் ஏரிக்கரை ஊர், வாடகைக்கும் விடாமல் பூட்டி வைத்திருக்கும் இரண்டாம் வீடுகளின்மேல் ஒரு வரி விதிக்கத் துணிந்தது, சொத்துக்காரர்கள் வழக்காடினார்கள், கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் பின்னர் 2014-இல் ஊரின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் இவையெல்லாம் ஊருக்கு ஊர் வேறுபட்ட ஏற்பாடுகள். ஓரிடத்தில் அணை எழுந்தால் வெள்ளம் அடுத்த பள்ளத்தாக்கிற்குத் திரும்பியது.

அந்த நிலையில்தான் பிரான்ஸ் வேபர் இவ்விஷயத்தை நாடு முழுவதன் முன்னும் வைத்தார். 1927-இல் பாசல் நகரில் பிறந்த பத்திரிகையாளரான அவர், 1960-களில் அதே சில்வாப்லானாவை அடுத்த சுர்லேயில் எழவிருந்த பெருங்குடியிருப்புத் திட்டத்தை எதிர்த்துப் போராடியதிலிருந்து, ஜெனீவா ஏரிக்கரையின் லாவோ திராட்சைத் தோட்டங்களைக் காத்தது வரை, நிலக்காட்சிக்காகவே வாழ்ந்தவர் என்று சொல்லலாம். எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் மொத்த வீடுகளில் 20 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பதே அவர் முன்வைத்த திருத்தம். 2012 மார்ச் 11 அன்று அது 50.6 சதவீத வாக்குகளால் நிறைவேறியது. வித்தியாசம் 30,000 வாக்குகளுக்கும் குறைவு. வாலே மாநிலத்தில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கினர் எதிர்த்து வாக்களித்தும், சமவெளி நகரங்களின் ஆதரவு வென்றது. மலைக்கு விடுமுறையில் வருகிறவர்களே மலையில் வசிப்பவர்களுக்குச் சட்டம் வகுத்தார்கள் என்று மலைநாட்டார் மனம் புண்பட்டதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அந்த வாக்கு இல்லாதிருந்தால் இன்று பல சரிவுகளில் புல் முளைக்க இடமிராது என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

சட்டம் வருமுன் கதவு சாத்தப்படுமோ என்ற அச்சத்தில், அந்த வருஷம் முடிவதற்குள் கட்டட அனுமதி கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. வேபர் நிறுவிய ஹெல்வெட்டியா நோஸ்ட்ரா சங்கம் அவற்றை ஆட்சேபித்து வழக்காடியது. வாக்கெடுப்பு நாளிலிருந்தே தடை செல்லும் என்று 2013 மே 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. விரிவான சட்டம் 2016 ஜனவரி 1 முதல் நடப்பிற்கு வந்தது. 20 சதவீதத்தைக் கடந்த ஊரில் புதிதாய்க் கட்டும் வீடு, குடியாகப் பதிவுபெற்றவர் வசிக்கவேண்டும் என்ற நிபந்தனையை நிலப்பதிவேட்டிலேயே சுமந்து நிற்கவேண்டும்; விருந்தினருக்கு முறைப்படி வாடகைக்கு விடும் விடுதி வீடுகளுக்கு விலக்கு உண்டு; நொடிந்த பழைய ஹோட்டலின் ஒரு பகுதியை விடுமுறை வீடாக மாற்ற இடம் உண்டு. ஆனால் 2012 மார்ச் 11-க்கு முன்பே இருந்த, அல்லது அனுமதி பெற்றிருந்த வீடுகளுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. அவற்றை யாரும் வாங்கலாம், எப்படியும் பயன்படுத்தலாம்.

வினை இந்த விலக்கில்தான் இருந்தது. ஹில்பர், ஷோனி என்ற இரு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, தடையினால் பாதிக்கப்பட்ட ஊர்களில் நிரந்தர வீடுகளின் விலையேற்றம் தணிந்ததையும், கூடவே வேலையின்மை மிகுந்ததையும் காட்டியது. கட்டடத் தொழிலையே நம்பிய ஊரில் வேறெது நடக்கும்? விலை தணிந்தது குடிகளுக்கு அனுகூலம் எனத் தோன்றலாம். ஆனால் புதிதாய்க் கட்ட முடியாத விடுமுறைக்காரனின் ஆசை அழிந்துவிடவில்லை. அது நிபந்தனையற்ற பழைய வீட்டின்மேல் திரும்பியது. கிராமத்தின் நடுவிலுள்ள, தலைமுறை தலைமுறையாக உள்ளூரார் வாடகைக்குக் குடியிருந்த வீடுகளே பெரும்பாலும் அப்பழைய வீடுகள். 2014 மே முதல் நடப்பிற்கு வந்த திருத்தப்பட்ட திட்டமிடற் சட்டம், அடுத்த பதினைந்து வருஷத் தேவைக்கு மேற்பட்ட கட்டடமனைகளைத் திரும்பப் புல்வெளியாக்கச் சொன்னதால், குடிகளுக்கென்று புது வீடு கட்டும் மனையும் சுருங்கியது. 2020-இல் தொற்றுநோய் பரவி, நகரத்து உத்தியோகஸ்தர்கள் மலைவீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கண்டுகொண்டபின், பழைய வீடுகளின் விலை உள்ளூர்ச் சம்பளத்தின் எல்லையை விட்டே பறந்துவிட்டது.

இதை முன்னறிந்தவர்களைப்போல் சட்டம் இயற்றியவர்கள் அதன் 12-ஆம் பிரிவில், பழைய வீடுகளின் கட்டற்ற உபயோகத்தால் தீங்கு விளைந்தால் மாநிலங்களும் ஊராட்சிகளும் தடுக்கவேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். அப்பிரிவைக் கையிலெடுப்பதா என்பதுதான் இன்று பல ஊர்ச்சபைகளின் வழக்கு. எடுத்தால் தன் வீட்டின் விலை குறையும் என்று அஞ்சுகிறவரும், எடுக்காவிட்டால் தன் பிள்ளைக்கு வீடில்லை என்று அஞ்சுகிறவரும் அச்சபையில் பல சமயம் ஒருவரேயாக இருப்பதால், தீர்மானம் எளிதில் பிறப்பதில்லை. ஊருக்குச் சொந்தமான மனையை விற்காமல், நீண்டகாலக் குத்தகைக்குக் கூட்டுறவு வீட்டுச் சங்கத்திற்குக் கொடுப்பதே எனக்கு நம்பிக்கை தரும் வழி; மனை சந்தைக்கு வாராதிருந்தால் அதன்மேல் எழும் வீட்டின் வாடகையும் சந்தையின் பின்னால் ஓடாது.

கூட்டாட்சி மன்றமோ வேறு திசையில் ஓரடி வைத்தது. பழைய வீட்டை 30 சதவீதம் வரை விரிக்கலாம் என்று முன்பே இருந்த சலுகையை, அவ்விரிவில் புதிய தனி வீடுகளையும் அமைக்கலாம் என்பதாக 2024 அக்டோபர் முதல் அகலமாக்கியது. இடித்துக் கட்டினாலும் இச்சலுகை உண்டு. மறுவருஷம் செப்டம்பர் 28 அன்று, சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று கற்பித்த தொகைமேல் வரி விதிக்கும் பழைய முறையை ஒழித்து, அதனால் இழப்பை அஞ்சும் மாநிலங்கள் இரண்டாம் வீடுகள்மேல் தனி வரி போட்டுக்கொள்ள இடமளிக்கும் ஏற்பாட்டை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவ்வரியைப் போடும் மாநிலம், அப்பணத்தைக் கஜானாவின் ஓட்டையை அடைக்கச் செலவிடுமா, குத்தகை மனையில் எழும் வாடகை வீடுகளுக்குச் செலவிடுமா என்பது இனி அந்தந்த மாநிலச் சபைகளில் தீர்மானிக்கப்பட வேண்டியது. அதற்கிடையில், விரிவுச் சலுகையை நம்பி வாங்கப்பட்ட பழைய வீட்டில் குடியிருப்பவருக்கு, இடிப்பதற்கு முன் காலி செய்யச் சொல்லும் கடிதம் முதலில் வந்து சேர்கிறது.