கடுப்பு: ஒரு சொல்லாராய்ச்சி

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த திருக்கடலூர், மூதூர், கிண்ணியா முதலிய கரைகளில் வலையிலிருந்து மீன் கழற்றுவோர், ஓராவின் முள்ளோ கெளிற்றின் முள்ளோ கையில் ஏறிவிட்டால், முதலில் 'குத்திப்போட்டுது' என்றும் சற்று நேரத்தில் 'கடுக்குது' என்றும் சொல்வர். இவ்விரண்டும் ஒரே வேதனைக்குரிய இரு பெயர்களல்ல. குத்து, முள் தோலைத் துளைத்த கணத்தோடு முடிவது. கடுப்போ, முள்ளைச் சார்ந்த விஷம் தசையிற் பரவப் பரவ, விரலிலிருந்து மணிக்கட்டுக்கும் அங்கிருந்து முழங்கைக்கும் விண்விண்ணென்று ஏறுவது. அவ்விஷம் வெப்பத்தாற் குலையும் புரதமாதலின், பொறுக்கத்தக்க சூட்டு நீரில் கையை ஆழ்த்தி வைத்தலை இக்கால வைத்தியரும் ஒப்புவர்; அப்போது 'கடுப்பு இறங்கீட்டுது' என்பதே வழக்கு. கடுப்பு ஏறும், இறங்கும். குத்துக்கு அவ்வினைகள் பொருந்தா.

நீர்க்கடுப்பு, வயிற்றுக்கடுப்பு, நெடுநேரம் நின்றதனால் வரும் கால்கடுப்பு ஆகியவற்றில் துளைத்தது எதுவுமில்லை. விட்டுவிட்டு மிகும் வேதனை ஒன்றே அவற்றிற்குப் பொது. ஆதலின், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முதலியன கடு, கடுத்தல் என்பவற்றின்கீழ் நஞ்சு, விரைவு, சினம், ஐயம், ஒப்பு எனத் தனித்தனியே அடுக்கும் பொருள்களுக்கு மிகுதலே மூலமென்பது என் அபிப்பிராயம். விரைவு என்பது செலவின் மிகுதி; இலங்கையர் விரைவு வண்டியைக் 'கடுகதிப் புகையிரதம்' என்பதும் இவ்வழியதே. ஆங்கிலத்திலும் 'ஸ்மார்ட்' என்பது உறுத்தும் வேதனையைக் குறித்து, பின் விரைவையும் மதிநுட்பத்தையும் குறிக்கலாயிற்று; இது துணைச்சான்று மாத்திரமே, நம் சொல்லுக்கு அதனோடு சம்பந்தமொன்றுமில்லை.

வலிய சான்று தொல்காப்பியத்தில் உளது. உரியியல் 'கடி' என்னும் சொல்லுக்குக் கூர்மை, விரைவு, மிகுதி முதலிய பத்துப் பொருள்களைக் கூறி, ஐயமும் கரிப்பும் அதற்கு உண்டென்று மேலும் சேர்க்கின்றது. கடியும் கடுவும் ஒரே குடியினவென்பதற்கு இத்துணைப் பொருளொற்றுமை போதும்.

எஞ்சி நிற்பது ஒப்புப்பொருள். வேதனைக்கும் உவமைக்கும் என்ன உறவென்று வினவுவோர்க்கு, மிகுதலிலிருந்து நேரே வழி காட்டுதல் அரிதே. ஆயின் உவமவியல் மெய்யுவமத்துக்குரிய உருபுகளைத் தொகுக்குமிடத்துக் 'கடுப்ப' என்பதோடு 'மருள' என்பதையும் ஒரே சூத்திரத்தில் வைத்திருத்தல் கருதத்தக்கது. மருளுதலாவது வடிவொப்பினால் இதுவோ அதுவோவென்று மயங்குதல். 'மருள' அவ்வாறு உவம உருபாயிற்றெனின், ஐயுறுதலைக் குறித்த கடுத்தலும் அதே வழியில் உருபாயிற்றெனக் கொள்வதற்குத் தடையில்லை.