நளதமும் லாவண்டரும்

உணவுக்காகத் தாவரங்களைத் தேடிய மனிதன், மணத்துக்காகவும் அவற்றைத் தேடியிருக்கிறான். மணப்பொருள்களின் வரலாறு சீமான்களின் பொழுதுபோக்கு வரலாறு என்று சிலர் எண்ணுவதுண்டு. அது முழு உண்மையன்று. மணம் பூசியவர் யார் என்பதோடு மணத்தைச் சேகரித்தவர் யார் என்பதையும் கேட்டால், அந்த வரலாறு மலைவாழ் ஏழைகளின் வரலாறாகவும் விளங்கும். இன்று லாவண்டர் என்ற செடியைச் சான்றாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

லாவண்டரின் கதையைத் தொடங்குமுன் வேறொரு செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இமயமலையின் உயர்ந்த சரிவுகளில் சடாமாஞ்சில் என்னும் பூண்டு வளர்கிறது. மணமுள்ள அதன் கிழங்கிலிருந்து எடுத்த தைலத்தையே விவிலியத் தமிழ் 'நளதம்' என்கிறது. கங்கைச் சமவெளி வழியே வந்த இந்தச் சரக்கு, சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து மேற்கே ஏற்றுமதியானதை, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க நூல் குறிப்பிடுகிறது. வியன்னா நகரில் காக்கப்பட்டுவரும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, முசிறி வாணிகத்தில் ஈடுபட்ட 'ஹெர்மாபொல்லோன்' என்ற கப்பலின் சரக்கைக் கணக்கிடுகிறது. கங்கை நளதம் 60 பெட்டிகள் அதில் இடம்பெற்றுள்ளன. உரோமாபுரிச் செல்வர்கள் விலை கொடுத்து வாங்கிய மணம், நம் தென்னகத் துறைமுகம் வழியே சென்றது என்பதற்கு இது சான்று.

இத்தகைய அரும்பொருள் எல்லார்க்கும் எட்டுவதன்று. ஆயினும் மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதி மலைகளில், எவரும் பயிரிடாமலேயே மணமுள்ள செடிகள் சில மண்டிக் கிடந்தன. அவையே லாவண்டர் இனங்கள். கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் அவற்றுள் ஒன்றைத் தம் மூலிகை நூலில் விவரித்தார். 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டகார்டும் லாவண்டரைப் பற்றி எழுதினார். நளதத்துக்கு இலத்தீனில் 'ஸ்பிகா' என்ற அடைமொழி உண்டு. கதிர் என்பது அதன் பொருள். இடைக்கால ஐரோப்பியர் அதே சொல்லை லாவண்டருக்கும் வழங்கினர். 1753இல் தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸும் அச்சொல்லைக் கைக்கொண்டார். உண்மையில் இரண்டுக்கும் உறவில்லை. லாவண்டர் நம் துளசி, புதினா, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

'லாவண்டர்' என்ற பெயர், கழுவுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது என்பது பலர் கொள்கை. நீலநிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், குளிக்கும் நீருக்கும் துவைத்த துணிக்கும் மணமூட்ட மக்கள் இதனைப் பயன்படுத்தி வந்தனர். உலர்ந்த பூவைச் சிறு பைகளிலிட்டுத் துணிப்பெட்டியில் வைப்பது இல்லத்தரசியர் வழக்கம். அந்துப்பூச்சி அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. கெட்ட காற்றே கொள்ளைநோய்க்குக் காரணம் என்று கருதிய காலத்தில், லாவண்டரை முகர்ந்தால் நோய் வாராது என்றும் நம்பினர். 1894இல் பிளேக் கிருமி கண்டறியப்பட்டபின் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாது போயிற்று. ஓவியர்கள் வண்ணம் கரைக்கவும் ஒருவகை லாவண்டர் எண்ணெயைக் கையாண்டனர். இங்கிலாந்தில் மிச்சம் என்ற ஊர் இதன் சாகுபடிக்குப் பேர்பெற்றது. அங்கே 1749இல் தொடங்கப்பெற்ற 'பாட்டர் அண்டு மூர்' நிறுவனம் லாவண்டர் நீரை வடித்து விற்றது.

ஆனால் இச்செடியை உலகறியச் செய்தது பிரான்சின் தென்பகுதியான புரோவான்ஸ். அங்குள்ள கிராஸ் நகரத்தார் முதலில் தோல் பதனிடுவோர். தோலின் நாற்றத்தைப் போக்கக் கையுறைகளுக்கு மணமூட்டினர். காலப்போக்கில் கையுறைத் தொழில் தேய்ந்தது, மணத்தொழிலே நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டில் கிராஸ் நகரத்தின் தேவை பெருகியபோது, மலைச் சிற்றூர்களில் மற்றொரு மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. வறண்ட நிலத்தில் வாழ வழியின்றி மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் கைவிட்ட வயல்களில் காட்டு லாவண்டர் தானே பரவியது. ஊரில் எஞ்சியிருந்த பெண்களும் சிறுவரும் ஆட்டிடையரும் கோடை வெயிலில் குனிந்து, அரிவாளால் பூக்கதிர்களை அறுத்தனர். மலைக்கே கொண்டுசெல்லப்பட்ட செம்புக் கலங்களில் அவற்றை வடித்தனர். ஒரு கிலோ எண்ணெய்க்கு 100 கிலோவுக்கும் மேற்பட்ட பூ தேவை. ஒரு சிறு சீசாவுக்குள் எத்தனை பேரின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

லாவண்டரின் மருத்துவப் புகழுக்கு ஒரு கதை உண்டு. லியோன் நகர வேதியியலார் கட்டஃபோசே, ஆய்வுக்கூடத்தில் கை வெந்தபோது அருகிலிருந்த எண்ணெயில் தற்செயலாகக் கையை அமிழ்த்தினார் என்றும், புண் உடனே ஆறியது என்றும் சொல்வார்கள். அவர் தாமே எழுதிய செய்தி வேறு. 1910இல் நேர்ந்த விபத்துக்குப்பின் புண்ணில் அழுகல்நோய் கண்டது. அதனை லாவண்டர் எண்ணெயால் கழுவித் தடுத்ததாக அவர் எழுதினார். அது தற்செயலன்று, அறிந்து செய்த சோதனை. 1937இல் அவர் வெளியிட்ட நூலே 'அரோமாதெரபி' என்ற சொல்லைப் பரப்பிற்று. ஒருவருடைய அனுபவம் ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாகலாம், முடிந்த முடிபாகாது. எனவே எந்த நோய்க்கும் இதுவே மருந்து என்று கூறும் விளம்பரங்களை அப்படியே நம்புதல் தகாது.

தேவை மிகுந்தபோது உழவர்கள் 'லாவண்டின்' என்ற கலப்பினத்தை நாடினர். அது எண்ணெயை மிகுதியாகத் தரும். ஆயினும் விதை தராது. ஒரே செடியின் கொம்புகளை வெட்டி வெட்டி நட்டே அதைப் பெருக்க வேண்டும். அதனால் வயல் முழுவதும் ஒரே செடியின் மறுபதிப்பாயிற்று. சிறு தத்துப்பூச்சி ஒன்று பரப்பிய நோய் தாக்கியபோது, பெரிதும் பயிரிடப்பட்டிருந்த 'அப்ரியால்' வகை தாக்குப் பிடிக்கவில்லை. 1970-களில் 'குரோசோ' என்ற வேறொரு வகை அதனிடத்தைப் பிடித்தது. 2010-களில் லாவண்டர் எண்ணெய் உற்பத்தியில் பல்கேரியா பிரான்சை முந்தியது.

நம் நாட்டிலும் இச்செடி வேரூன்றியுள்ளது. 2016இல் தொடங்கிய 'அரோமா மிஷன்' திட்டத்தின் வாயிலாக, ஜம்மு பகுதியின் பதர்வா மலைச்சரிவுகளில் மக்காச்சோளம் விளைத்துவந்த உழவர் பலர் லாவண்டருக்கு மாறினர். இப்பொழுது வரலாற்றின் வினோதத்தைப் பாருங்கள். நளதத்தின் பெயரை இரவல் வாங்கிய செடி, நளதத்தின் தாயகமான இமயத்துக்கே வந்துவிட்டது. நளதமோ அழியும் நிலையில் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள தாவரமாக வகைப்படுத்தியுள்ளது.

காரணம் எளிது. நளதத்தின் மணம் கிழங்கில் உள்ளது. அதைத் தோண்டினால் செடியே போய்விடும். லாவண்டரின் மணம் பூவில் உள்ளது. பூவைக் கொய்தாலும் வேர் நிலைக்கும், மறு ஆண்டு மீண்டும் பூக்கும். அதுவும் வரையறையின்றி ஒரே வகையை நட்டபோது நோய்க்கு இரையாயிற்று என்பதைக் கண்டோம். இயற்கை தரும் செல்வத்தில் பூவளவு எடுத்து வேரளவு விட்டுவைப்பதே, அச்செல்வத்தை நம்பி வாழும் மலைமக்களுக்கும் பின்வரும் தலைமுறைக்கும் நாம் செய்யத்தக்க கடமையாகும்.