"யாரிடமும் சொல்லாதே": காதல் மோசடிகளின் நூறாண்டு வரலாறு

முன்னுரை

இணையத்தில் அறிமுகமாகி, காதலிப்பதாகக் கூறி, பணத்தைப் பறித்துக்கொண்டு மறைந்துவிடும் மோசடிகள் பற்றிய செய்திகள் இன்று அடிக்கடி வருகின்றன. இது கணினியோடு பிறந்த குற்றம் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் இது தபால் காலத்துக் குற்றம். முன்பின் தெரியாத இருவர் எழுத்தின் வழியாகவே பழகத் தொடங்கிய நாளிலிருந்தே இதுவும் இருந்து வருகிறது. அந்தப் பழைய வழக்குகளைப் புரட்டிப் பார்த்தால், மோசடிக்காரர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்பதோடு, எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்பதும் தெளிவாகத் தெரியும்.

மணமகள் தேவை

திருமண விளம்பரங்களின் வரலாறு நீண்டது. 1695ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜான் ஹௌட்டன் என்பவர் நடத்திய வார இதழில், மனைவி தேடும் கனவான் ஒருவரின் விளம்பரம் வெளியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாளிதழ்களும் மலிவான தபால் சேவையும் பெருகியபோது இத்தகைய விளம்பரங்களும் பெருகின. ஊரை விட்டு வெகுதூரம் குடியேறியவர்களுக்கும் தனிமையில் வாழ்ந்தவர்களுக்கும் இவை பெரிதும் உதவின. நேர்மையான திருமணங்கள் பல இதனால் நடந்தன. ஆனால் அதே தனிமையை முதலீடாகக் கொண்டு பிழைத்தவர்களும் இருந்தனர்.

இண்டியானா பண்ணை வீடு

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பெல் கன்னஸ், இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகருக்கு அருகே பண்ணை வைத்திருந்த விதவை. அமெரிக்காவில் வெளிவந்த நார்வே மொழி நாளிதழ்களில் அவள் துணை தேடி விளம்பரம் கொடுத்தாள். தாய்மொழியில், சொந்த நாட்டுப் பெண்ணிடமிருந்து வந்த கடிதத்தைத் தனியாக வாழ்ந்த குடியானவர்கள் எளிதில் நம்பினர்.

தெற்கு டகோட்டா மாநில விவசாயி ஆண்ட்ரூ ஹெல்கெலியன் அவர்களில் ஒருவர். ஒரு வருடத்துக்கும் மேலாகக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் அன்பு மட்டுமல்ல, அறிவுரைகளும் இருந்தன. சொத்துகளை விற்றுப் பணமாக்கி எடுத்து வர வேண்டும், இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் எழுதினாள். 1908 ஜனவரியில் அவர் லா போர்ட்டுக்குச் சென்றார். தன் சேமிப்பான ஏறத்தாழ 3,000 டாலரை அங்கிருந்த வங்கியின் மூலம் பெற்றார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அவருடைய சகோதரர் ஆஸ்லே, வீட்டில் கிடந்த கடிதங்களைக் கண்டெடுத்து விசாரிக்கத் தொடங்கினார். ஆண்ட்ரூ தன்னிடம் இல்லை என்று பெல் கன்னஸ் பதில் எழுதினாள். 1908 ஏப்ரல் 28 அன்று அவளுடைய பண்ணை வீடு தீயில் எரிந்தது. ஆஸ்லே நேரில் சென்று விடாமல் தேடச் சொன்னதால், மே மாதம் பண்ணை நிலம் தோண்டப்பட்டது. ஆண்ட்ரூவின் உடலும், அவரைப் போலவே வந்து மறைந்த வேறு பலரின் உடல்களும் கிடைத்தன. பெல் கன்னஸ் அந்தத் தீயில் இறந்தாளா, தப்பினாளா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

லாந்துருவின் பயணச்சீட்டு

அடுத்த வழக்கு பிரான்சில் நடந்தது. முதல் உலகப் போரால் அந்நாட்டில் விதவைகளின் எண்ணிக்கை பெருகியிருந்தது. ஹென்றி லாந்துரு என்பவன், வசதியுள்ள நடுத்தர வயதுத் தனியாள் என்று சொல்லிக்கொண்டு நாளிதழ்களில் மணமகள் தேடினான். ஒவ்வொரு பெண்ணிடமும் ஒவ்வொரு பெயர் சொன்னான். அவன் தொடர்பு கொண்ட பெண்கள் 283 பேர் என்று காவல் துறை கணக்கிட்டது.

சேமிப்பு உள்ள பெண்களைப் பாரிசுக்கு வெளியே, முதலில் வெர்னுயே ஊரிலும் பின்னர் காம்பே கிராமத்திலும் எடுத்திருந்த வாடகை வீடுகளுக்கு அழைத்துச் சென்றான். அவன் ஒரு குறிப்பேட்டில் வரவு செலவு எழுதும் பழக்கம் உள்ளவன். அவனுக்குப் போக வர ரயில் டிக்கெட், உடன் வந்த பெண்ணுக்குப் போவதற்கு மட்டும் டிக்கெட் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. வழக்கில் முக்கியமான சாட்சியாக அமைந்தது அந்தக் கணக்குதான்.

அவன் சிக்கிய விதம் கவனிக்கத்தக்கது. காணாமல் போன இரு பெண்களின் குடும்பத்தினர், ஒருவரையொருவர் அறியாமலேயே, காம்பே மேயருக்குக் கடிதம் எழுதினர். இருவர் குறிப்பிட்ட ஆணின் பெயரும் வேறு வேறு. ஆனால் வர்ணனை ஒன்றாக இருப்பதைக் கண்ட மேயர், இரண்டு குடும்பங்களையும் தொடர்பு கொள்ள வைத்தார். 1919 ஏப்ரலில் அவர்களில் ஒரு பெண்ணின் சகோதரி பாரிஸ் கடை ஒன்றில் லாந்துருவை அடையாளம் கண்டார். அவன் கைதானான். 10 பெண்களையும் அவர்களில் ஒருவரின் மகனையும் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1922 பிப்ரவரி 25 அன்று வெர்சாயில் கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டான்.

செயலிகளின் காலம்

மேட்ச் தளம் 1995லும், டிண்டர் செயலி 2012லும் வந்தன. தபாலுக்கு வாரங்கள் ஆன இடத்தில் இப்போது நொடிகளே ஆகின. ஒரே நேரத்தில் பலருடன் பேசுவதும் எளிதானது.

சைமன் லெவியேவ் என்று பெயர் சொல்லிக்கொண்ட இஸ்ரேலியர் ஒருவர், வைர வியாபாரியின் மகன் என்று டிண்டரில் பெண்களிடம் பழகியதாக நார்வேயின் வி.ஜி. நாளிதழ் 2019 பிப்ரவரியில் எழுதியது. தனி விமானம், நட்சத்திர ஓட்டல் என்று தொடங்கிய உறவு, எதிரிகள் துரத்துகிறார்கள், அவசரமாகப் பணம் வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. பெண்கள் வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தனர். ஒருவரிடம் வாங்கிய பணம் இன்னொருவரை மயக்கச் செலவானது. அவர் இக்குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

இங்கும் பழைய கதையே நடந்தது. ஏமாந்த பெண்களில் ஒருவர் துணிந்து நாளிதழிடம் பேசியதால்தான் மற்றவர்கள் தெரிய வந்தனர். அப்போதும் அவரோடு பழகிக்கொண்டிருந்த ஆம்ஸ்டர்டாம் பெண் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்து விழித்துக்கொண்டார். அவர் கொடுத்த தகவலால் 2019 ஜூலையில் கிரீஸ் நாட்டில் போலி பாஸ்போர்ட்டுடன் அந்த நபர் பிடிபட்டார். இஸ்ரேலில் முன்பு செய்த மோசடிகளுக்காக 15 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. சில மாதங்களிலேயே விடுதலையானார். பெண்களின் கடன் மட்டும் அவர்களிடமே நின்றது.

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடியில் 130 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்தனர் என்கிறது அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம். மறுமுனையில் எழுதுபவரும் சில நேரம் கைதியே. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இத்தகைய மோசடிகளைச் செய்யுமாறு அடைத்து வைக்கப்பட்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023ல் கூறியது. வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் இப்படிச் சிக்கி, 2022ல் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு.

அந்தரங்கம் என்னும் சொத்து

பெல் கன்னஸுக்கு எழுதிய கடிதம் ஒரு பெட்டிக்குள் இருந்தது. இன்று எழுதுவது எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. 2015ல் ஆஷ்லி மேடிசன் தளத்தின் 3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் திருடி வெளியிடப்பட்டன. கட்டணம் செலுத்தித் தம் விவரங்களை நீக்கச் சொன்னவர்களின் தகவல்கள்கூட அதில் இருந்தன. பிறகு பலருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. 2016ல் ஓகேகியூபிட் தளத்தின் சுமார் 70,000 பேரின் அந்தரங்கமான பதில்களைச் சில ஆய்வாளர்கள் அனுமதியின்றி இணையத்தில் வெளியிட்டனர். ஆகவே எதிரில் பேசுபவர் நல்லவராகவே இருந்தாலும், வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம், அந்தரங்கப் படங்கள் ஆகியவற்றைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

முடிவுரை

இந்த வழக்குகள் அனைத்திலும் ஒரே வரிசை காணப்படுகிறது. விரைவான அன்பு, பிறகு ரகசியம், பிறகு அவசரம், கடைசியில் பணம். இவற்றில் உயிர்நாடி ரகசியம்தான். ஹெல்கெலியனின் சகோதரர், காம்பே மேயர், நார்வே நாளிதழ் ஆகிய மூவரும் செய்த வேலை ஒன்றே: தனித்தனியாக இருந்த தகவல்களை ஒன்று சேர்த்தனர்.

புகைப்படத்தை இணையத்தில் தேடிப் பார்ப்பது, நேரில் பழகாதவருக்குப் பணம் அனுப்பாமலும் அவர் சொல்லும் முதலீட்டில் பணம் போடாமலும் இருப்பது, முதல் சந்திப்பைப் பலர் நடமாடும் பொது இடத்தில் வைத்துக்கொள்வது எல்லாம் பயனுள்ளவை. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய உறவைப் பற்றி நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், இந்தியாவில் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். ஏமாந்தவருக்கு அதில் அவமானம் ஒன்றுமில்லை. அவர் வாய் திறந்தால், அடுத்து ஏமாற இருப்பவர் தப்பிப்பார்.