டேலி ஆகாத உயிர்க் கணக்கு

வங்கியில் வேலை பார்த்த நாட்களில், மாலையில் எட்டணா டேலி ஆகாவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. வித்தியாசம் எங்கே என்று தேடியாக வேண்டும். மருத்துவ வரலாற்றில் அப்படித் தேடிய ஒருவர், இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய டாக்டர்.

1846-இல் அவர் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே இரண்டு வார்டுகள். முதலாவதில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள்; இரண்டாவதில் மருத்துவச்சிகள். அந்த ஆண்டு முதல் வார்டில் 4010 பிரசவங்களுக்கு 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாவதில் 3754-க்கு 105 பேர். முதல் வார்டு வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

காற்று சரியில்லை, கூட்டம் அதிகம் என்று காரணம் சொன்னார்கள் பெரியவர்கள். ஊர்க் காற்று இரண்டு வார்டுக்கும் பொது. கூட்டமோ இரண்டாவது வார்டில்தான் அதிகம். கணக்கு இடித்தது.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் கோலெட்ஷ்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவர் உடலில் கண்ட அறிகுறிகள், இறந்த தாய்மார்களிடம் கண்டவையே. டாக்டர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. வித்தியாசம் பிடிபட்டது.

மே மாதம் முதல், குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே வார்டுக்குள் நுழையலாம் என்றார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம், ஜூனில் 2 ஆனது. அக்டோபரில் இன்னொரு பாடம். புற்றுநோய்ப் புண் இருந்த ஒருத்தியை முதலில் பரிசோதித்துவிட்டு, வெறும் சோப்பால் கழுவிய கையோடு அடுத்தடுத்த கட்டில்களுக்குப் போனார்கள். 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே குளோரின் கழுவல் கட்டாயம்.

ஆனாலும், தங்கள் கையே கொன்றது என்பதை ஒப்புக்கொள்ளப் பல டாக்டர்களுக்கு மனம் வரவில்லை. 1849-இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865-இல், 47 வயதில், மனநோய்க் காப்பகத்தில் இறந்தார். அறுவை சிகிச்சையில் கிருமிகளைத் தடுப்பது பற்றி லிஸ்டர் எழுதியது 1867-இல்.

நம் குடியிருப்பில் யாராவது ஆஸ்பத்திரியில் இல்லாத மாதம் குறைவு. பழப் பையோடு பார்க்கப் போகும்போது, முதலில் கை கழுவுவோம், பிறகு நோயாளியைத் தொடுவோம். ஊசி போட வருபவரிடமும் "கை கழுவியாச்சா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு ஒரு மனிதர் பெரிய விலை கொடுத்திருக்கிறார்.