தெலாப்பாக் புரோக் மலையில் விழுந்த விமானமும் 67 ஆண்டு கழித்து வந்த உறவினர்களும்

சிரம்பான் பக்கம் வேலை செய்யும் ஆசிரியர்களுக்குத் தெலாப்பாக் புரோக் மலையைத் தெரிந்திருக்கும். தித்திவங்சா மலைத்தொடரின் தெற்குக் கோடியில், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. வார இறுதியில் மலையேறப் போகிறவர்கள் உண்டு. ஆனால், அந்த மலைக்காட்டில் எட்டுப் பேர் அறுபது ஆண்டுக்கும் மேலாகக் கிடந்தார்கள் என்று என் வகுப்பில் சொன்னபோது ஒருவருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், சில வருடங்களுக்கு முன்புவரை எனக்கும் தெரியாது.

1945 ஆகஸ்ட் 23. பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 356ஆம் அணியைச் சேர்ந்த லிபரேட்டர் விமானம் ஒன்று, இந்தியப் பெருங்கடலில் உள்ள கோக்கோஸ் தீவிலிருந்து மலாயாவை நோக்கிக் கிளம்பியது. விமானத்தின் எண் கேஎல் 654. நான்கு எஞ்சின் பொருத்திய கனமான குண்டுவீச்சு விமானம் அது. ஆனால் அன்று வந்தது குண்டு போட அல்ல, காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினருக்குப் பொருள்களைப் பாராசூட்டில் இறக்குவதற்கு. கோக்கோஸிலிருந்து நெகிரி செம்பிலானுக்கு ஒரு வழிக்கு மட்டும் 1,700 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி கடல். அந்த விமானம் திரும்பிப் போகவில்லை. எட்டுப் பேரும் இறந்துபோனார்கள்.

தேதியைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "டீச்சர், ஜப்பான் ஆகஸ்ட் 15லேயே சரணடைஞ்சிருச்சே? சண்டை முடிஞ்ச பிறகு எதுக்குப் பறந்தாங்க?"

நல்ல கேள்வி. தேர்வு எழுதும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் அடிக்கடி தடுமாறுகிறார்கள். ஆகஸ்ட் 15இல் ஜப்பானியப் பேரரசரின் அறிவிப்பு வந்தது உண்மை. ஆனால் மலாயாவில் அன்றே எதுவும் மாறிவிடவில்லை. ஜப்பானியப் படை ஆயுதத்தோடு அப்படியே இருந்தது. பிரிட்டிஷ் படை மோரிப்பிலும் போர்ட்டிக்சனிலும் கரையிறங்கியது செப்டம்பர் 9இல். சிங்கப்பூரில் முறைப்படியான சரணடைவு செப்டம்பர் 12இல். இடைப்பட்ட சில வாரங்களில், யார் ஆட்சி நடக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டாலும் ஒரே பதில் கிடைத்திருக்காது. எதிர்ப்புப் படையினர் காட்டை விட்டு வெளியே வந்து சில ஊர்களில் அதிகாரத்தைக் கையில் எடுத்தார்கள். 136ஆம் படைப்பிரிவின் அதிகாரிகள் அவர்களோடு இருந்தார்கள். இவர்களுக்கு உணவும் மருந்தும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் சண்டை ஓய்ந்த பிறகும் விமானங்கள் பறந்தன. கட்டுரையில் 'ஆகஸ்ட் 15ஆம் நாளோடு ஜப்பானியர் ஆட்சி முடிவுற்றது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் இந்த வாரங்கள் காணாமல் போய்விடும். அந்த எட்டுப் பேரும் கூடவே போய்விடுவார்கள்.

அவர்களுடைய வீட்டு நிலையை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்தது என்று ஊரே தெருவில் ஆடிப் பாடியிருக்கிறது. மகன் எப்போது வருவான் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் 'காணவில்லை' என்று சேதி வருகிறது. 'இறந்துவிட்டார்' என்று சொன்னால்கூட அழுது முடிக்கலாம். 'காணவில்லை' என்றால் என்ன செய்வது? கதவு தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கத்தான் தோன்றும்.

காணாமல் போன தன் ஆட்களைத் தேடுவதற்கென்றே பிரிட்டிஷ் விமானப்படை தனிப் பிரிவு ஒன்றை வைத்திருந்தது. அந்தப் போரில் அவர்கள் தேட வேண்டியிருந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். கல்லறை தெரியாதவர்களின் பெயர்களைப் பொதுவான நினைவுச் சின்னங்களில் பொறித்தார்கள். தெற்கு, கிழக்கு ஆசியாவில் தொலைந்த விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. 1957இல் திறக்கப்பட்டது. 24,000க்கும் அதிகமான பெயர்கள். சிங்கப்பூர் ஆசிரியர்கள் மாணவர்களைக் கூட்டிப் போனால் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள், அது விமானத்தின் இறக்கை வடிவில் இருக்கும்.

தெலாப்பாக் புரோக் விமானத்தின் சிதைவுகள் 1990களில்தான் கண்ணில் பட்டன. இறந்தவர்களின் எலும்புகளை முறையாக எடுத்து வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2012 அக்டோபர் 18ஆம் நாள், கோலாலம்பூர் செராஸ் சாலையில் உள்ள போர்க் கல்லறையில் எட்டுப் பேரையும் முழு இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பிரிட்டனிலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். 67 ஆண்டு ஆகிவிட்டதல்லவா, பெற்ற தாயும் தகப்பனும் இருக்க வாய்ப்பில்லை. அடுத்த தலைமுறைதான் வர முடியும். படத்தில் மட்டுமே பார்த்த ஒருவருக்காக அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

ஏன் உடலைச் சொந்த ஊருக்கே கொண்டு போகவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வழக்கம் அது. இறந்த வட்டாரத்திலேயே அடக்கம், எல்லாருக்கும் ஒரே அளவுக் கல். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய கல், ஏழைக்குச் சின்னக் கல் என்ற பேச்சே இல்லை.

இப்படி விமானம் விழுந்த இடத்தையே பார்க்க வேண்டும் என்று காட்டுக்குள் போகும் குடும்பங்களும் உண்டு. போனால் என்ன இருக்கும்? படத்தில் பார்க்கிற மாதிரி முழு விமானம் இருக்காது. அலுமினியம் துருப்பிடிக்காது, அதனால் தகடுகள் வேருக்கும் சருகுக்கும் இடையில் கிடக்கும். லிபரேட்டரின் ஒவ்வொரு எஞ்சினும் அரை டன்னுக்கு மேல் எடை, அதை யாரும் சுலபமாகத் தூக்கிப் போக முடியாது. தூக்கக்கூடியதெல்லாம் இரும்புக்காரர் கைக்குப் போயிருக்கும். மற்றபடி அட்டைக்கடியும் ஈரமும்தான். ஆனாலும் போகிறார்கள். 'இங்கேதான்' என்று விரல் நீட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு எங்கள் வீட்டு நினைவு வராமல் இல்லை. என் பாட்டியின் அப்பா தோட்டத்து லயத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குப் போனவர். "லாரி வந்துச்சு, ஏத்திட்டுப் போனானுங்க, அவ்வளவுதான்" என்பார் பாட்டி. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. காஞ்சனபுரி கல்லறையில் போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. கைதிகளைவிட அதிகமாக இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள், அதில் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம். அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் கிடையாது.

விமானப்படையினர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர்களுக்குச் செய்தது சரி. அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே பெயர், எண், வீட்டு முகவரி எல்லாம் ஏட்டில் ஏறிவிட்டது. அதனால் காடு எலும்பைத் திருப்பிக் கொடுத்தபோது யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று தெரிந்தது. லாரியில் ஏற்றிய ஆளுக்கு அப்படி ஓர் ஏடு இருந்திருந்தால் என் பாட்டிக்கும் யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

பாடம் முடிந்து மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தேன்: வீட்டில் பெரியவர்களிடம் 'ஜப்பான்காரன் காலத்தில்' திரும்பி வராத யாராவது உண்டா என்று கேளுங்கள், பெயர், தோட்டம், போன வருடம், தெரிந்தவரை எழுதி வாருங்கள். முப்பத்தொரு பேரில் ஆறு பேர் கொண்டு வந்தார்கள். இரண்டு தாளில் பெயரே இல்லை, 'தாத்தாவின் அண்ணன்' என்று மட்டும் இருந்தது. கையைத் தூக்கிக் கேள்வி கேட்ட அந்த மாணவி, ஒரே பெயரை முனியன், முனியாண்டி என்று இரண்டு விதமாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள். வீட்டில் எது சரி என்று சண்டையாம். இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.