முப்பது உயிர்: காண்ட்ரா திரும்பி வந்த கதை

இன்னைக்கு மருத்துவம் கொஞ்சம், வரலாறு நிறைய. சின்ன வயசுல "டிவி கேம்" ஆடினவங்க கடைசி வரைக்கும் படிங்க. பிள்ளை வச்சிருக்கறவங்க கண்டிப்பா படிங்க.

2024 மார்ச் 12-ல் "காண்ட்ரா: ஆபரேஷன் கலூகா" வெளியானது. உருவாக்கியது வேஃபார்வர்ட், வெளியிட்டது கொனாமி. முதல் கட்டத்தில் அதே காடு, அதே கலூகா தீவு. பார்த்ததும் எனக்கு ராசிபுரம் பக்கத்துல எங்க வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துடுச்சு.

காண்ட்ரா முதலில் வந்தது 1987-ல், கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரமாக. அடுத்த வருஷமே வீட்டு டிவியில் ஆடும் நின்டெண்டோ பெட்டிக்கு வந்துவிட்டது. ஜப்பானிய மூலக்கதைப்படி நடக்கும் வருஷம் 2633. இடம் நியூசிலாந்து பக்கத்தில் உள்ள தீவுக்கூட்டம். வேற்றுக்கிரகக் கூட்டத்தை அழிக்க பில், லான்ஸ் என ரெண்டு வீரர்கள் கிளம்புவார்கள். ஐரோப்பாவில் இதையே "ப்ரோபோடெக்டர்" என்று பெயர் மாற்றி, மனிதர்களுக்குப் பதில் ரோபோக்களை வைத்து விற்றார்கள்.

இந்தக் கதையெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் இருந்தது அசல் பெட்டியும் இல்லை, நகல். 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமை தைவானிலும் சீனாவிலும் நகலெடுத்தார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. பெரியப்பா நாமக்கல் லாரியில் டெல்லிக்கு லோடு ஏற்றிப் போனவர், பாலிகா பஜாரில் வாங்கி வந்தார். கேசட்டில் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தா முப்பது நாப்பது கேம்தான், மீதி எல்லாம் அதுவே திரும்பத் திரும்ப. அதை உருவாக்கினவங்களுக்கு எங்க காசுல ஒரு பைசா போயிருக்காது. அது நியாயம் இல்லைதான். ஆனா அந்தத் திருட்டு நகல் இல்லைன்னா காண்ட்ரா எங்க ஊருக்கு வந்தே இருக்காது.

மொத்தம் 8 கட்டம். கைவசம் 3 உயிர். ஒரு குண்டு பட்டாலே ஒரு உயிர் காலி. சேமித்து வைக்கும் வசதி கிடையாது. கரண்ட் போனா முதல்ல இருந்து ஆடணும். கடைசிக் கட்டத்தில் துடிக்கிற பெரிய இதயம் ஒன்று வரும். அதைச் சுட்டு முடித்தால் ஹெலிகாப்டர் கிளம்பும், தீவு வெடிக்கும். அவ்வளவுதான், டிவியை அணைச்சுட்டு சாப்பிடப் போவோம்.

30 உயிர் தரும் ரகசியக் கோட் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. இதை முதலில் வைத்தவர் கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் "கிரேடியஸ்" கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, தன்னாலேயே அதை முடிக்க முடியவில்லை என்று தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. 2020-ல் காலமானார். எங்க தெருவில் அந்தக் கோட் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு வேறொரு வழி இருந்தது. ரெண்டு பேர் ஆடும்போது ஒருத்தர் உயிர் தீர்ந்தா, கூட ஆடுறவர் கணக்கில் இருந்து எடுத்துக்கலாம். "டேய், ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்டா" என்று அண்ணன் கேட்பான். திட்டிக்கிட்டே சரின்னு சொல்லுவேன்.

இப்போ மருத்துவம். சில மாதம் முன்னாடி புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு அம்மா தன் மகனைக் கூட்டி வந்தாங்க. ஒன்பதாவது படிக்கிறான். தலைவலி, தூக்கம் இல்லை. அப்பா லாரி டிரைவர், மாசத்துல பாதி நாள் ரோட்டில். ராத்திரி முழுக்க ஃபோனில் கேம்.

"அந்த கேம் எப்பப்பா முடியும்?"னு கேட்டேன்.

"அது முடியாதுங்க சார்."

அந்தப் பதில் என்னை விடவே இல்லை. எங்க கேமுக்கு ஒரு முடிவு இருந்தது. இவன் கையில் இருக்கிறது முடியாத மாதிரியே செய்யப்பட்டது.

அதுக்காக, அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரலை. 1990-லேயே ஒரு மருத்துவ இதழில் "நின்டெண்டினைடிஸ்" என்று ஒரு கடிதம் வந்தது. ஐந்து மணி நேரம் விடாமல் ஆடி கட்டைவிரல் வலி வந்தவரைப் பற்றியது. அவர் சின்னப் பிள்ளை இல்லை, 35 வயதுப் பெண்மணி!

கேம் ஆடுற எல்லாப் பிள்ளைக்கும் நோய் இல்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற நோய்ப் பட்டியலில் "கேமிங் டிஸார்டர்" இருக்கு. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாத்தையும் விட கேமே முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாதம் நீடிக்கணும். சந்தேகம் இருந்தா அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாங்க, இல்லை டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க. கட்டணம் இல்லை.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னேன். "ஃபோனைப் பிடுங்கி உடைக்காதீங்க. அவங்க அப்பா வீட்டுக்கு வர்ற அன்னைக்கு, பக்கத்துல உக்காந்து என்ன ஆடுறேன்னு கேட்கச் சொல்லுங்க." இது சிகிச்சை இல்லை, பேச்சு தொடங்குற இடம்.

காண்ட்ராவில் எங்களைக் கடைசிக் கட்டம் வரை கொண்டு போனது 30 உயிர் இல்லைங்க. பக்கத்துல உக்காந்திருந்த ரெண்டாவது ஆள்.