தோட்டப் பள்ளியும் கணினி வலையும்

கெடா மாநிலத்தில் தமிழ்க் கல்வியின் வரலாறு, இரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாகும். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சயாமின் மேலாண்மை நீங்கி ஆங்கிலேயரின் மேலாண்மை வந்தபின், கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் பெருகின. மரம் சீவ வந்த தமிழர்தம் பிள்ளைகளுக்கெனத் தோட்டந்தோறும் சிறு பள்ளிகள் தோன்றின. ஒரே கூடம், ஒரே ஆசிரியர், அவர்முன் பல வகுப்புப் பிள்ளைகள். அப்பள்ளிகளுள் பலவற்றின் தொடக்கம் இவ்வாறே அமைந்தது.

பள்ளி பிள்ளைகளுடையதாயினும், அது நின்ற நிலம் தோட்டத்தாருடையது. ஆகவே, தோட்டம் கைமாறியபோதெல்லாம் பள்ளியின் நிலையும் ஆட்டங்கண்டது. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, வேலையையும் வீட்டையும் இழந்த குடும்பங்கள் பல. இக்கேட்டினைத் தடுக்க, துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேர்த்தனர். அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தனித்தனியே எவராலும் வாங்கவியலாத ஒன்றைப் பலர் கூடித் தமதாக்கிக்கொள்ளலாம் என்னும் உண்மையை அந்நிகழ்ச்சி நாட்டிற்கு உணர்த்திற்று.

இவ்வுண்மை நிலத்திற்கு மட்டும் உரியதன்று. இன்றைய பள்ளிகளின் கணினிக் கல்விக்கும் பொருந்தும்.

மலேசியப் பள்ளிகளில் கணினி நுழைந்த வரலாறு 1980களில் தொடங்குகின்றது. அக்காலத்து முன்னோடித் திட்டம் சில இடைநிலைப் பள்ளிகளோடு நின்றது. 1999இல் தொடங்கிய விவேகப் பள்ளி முன்னோடித் திட்டமும் ஏறத்தாழ 90 பள்ளிகளுக்குள் அடங்கியது. அரசின் பகுதி உதவி பெறும் தோட்டப் பள்ளிகளிலோ, கட்டடப் பராமரிப்பே பள்ளி வாரியத்திற்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் பெருஞ்சுமை. கணினிகளை நன்கொடையாகப் பெற்றாலும், அவற்றை இயக்கும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். மென்பொருள் புதுப்பிக்கப்படுந்தோறும் பழைய கணினி ஈடுகொடுக்க இயலாமல் மூலையில் முடங்கும்.

இவ்விடர்ப்பாட்டிற்குத் தீர்வாக வந்ததே திறந்தமூல மென்பொருள். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்கும் வழங்கலாம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்து இதற்கு அடித்தளமாயின. 1999 அளவில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜிம் மெக்குவில்லன் தொடங்கிய முனையத் திட்டம் பள்ளிகளுக்குப் பெரிதும் உதவிற்று. ஆற்றல் மிக்க கணினி ஒன்று நடுவே நிற்கும். பழைய கணினிகள் பல, கம்பிவழி அதனோடு இணைக்கப்படும். அவற்றிற்கு நிலைவட்டு வேண்டுவதில்லை; திரையும் விசைப்பலகையும் வலை இணைப்பும் ஒழுங்காயிருந்தாற் போதும். கணக்கிடும் பணியை நடுக்கணினியே செய்யும். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கட்டிக்காத்த அந்நாளைத் தோட்டப் பள்ளியை ஒத்தது இவ்வமைப்பு எனலாம். ஆசிரியர் நோயுற்றால் பள்ளி நின்றதுபோலவே, நடுக்கணினி பழுதுற்றால் அனைத்தும் நிற்கும் என்பது இதன் குறை. எனினும், இணையத் தொடர்பு அறுந்த நாளிலும் பள்ளிக்குள் பாடம் நடைபெறும் என்பது சிறப்பு.

பிற நாட்டு வரலாறு இங்கு நமக்குப் பாடமாகும். ஸ்பெயினின் ஏழ்மை மிக்க மாநிலங்களுள் ஒன்றான எக்ஸ்டிரமதுரா, 2002இல் லினெக்ஸ் என்னும் தன் சொந்த மென்பொருள் தொகுப்பை வெளியிட்டு, இரு மாணவருக்கு ஒரு கணினி என்னும் அளவில் வகுப்பறைகளை நிரப்பியது. ஆயினும், 2011இன் இறுதியில் அரசின் ஆதரவு விலகவே, அம்முயற்சி தளர்ந்தது. கேரளமோ, 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தைப் படிப்படியாகத் திறந்தமூல மென்பொருளுக்கு மாற்றிற்று. அங்கு ஆசிரியர்களுக்கே பயிற்சியளித்து, அவர்களைக்கொண்டே பிற ஆசிரியர்களைப் பயிற்றுவித்தனர். 2019இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கென அவர்கள் புதிய தொகுப்பை வெளியிட்டனர். இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்வழி பயிலும் பிள்ளைகளும் அத்திட்டத்தின் பயனைப் பெறுகின்றனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மலேசிய அரசும் 2004இல் பொதுத்துறைக்கெனத் திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. எனினும், பள்ளிகளின் இணைய வசதி பெரிய ஒப்பந்தங்களின் வழியே வந்தது. பத்தாயிரம் பள்ளிகளை நோக்கிய ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் அவற்றுள் ஒன்று. அது 2019ஆம் ஆண்டு நடுவில் முடிவுற்றது. ஒப்பந்தத்தால் வருவது ஒப்பந்தம் முடிந்ததும் நீங்கக்கூடும். ஆசிரியர் கற்றுக்கொண்டதோ பள்ளியிலேயே தங்கும்.

தமிழ் எழுத்துக்கு இனிக் கணினியில் தடையில்லை. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 1999இல் சென்னை மாநாட்டின் வழித் தமிழ்நெட்99 விசைப்பலகை நெறியும் அமைந்தது. ஒருங்குறி பரவியபின் லினக்ஸ் கணினியிலும் தமிழைத் தடையின்றி எழுதலாம்.

ஆகவே, எஞ்சி நிற்பது கருவிக் குறையன்று, ஆட்குறையே. கெடாவின் பள்ளிகள் சில, தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைக் காத்தவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் முன்னாள் மாணவருமே. அவர்களுள் இருவர் மூவர் கூடி வலையமைக்கவும் பழுது நீக்கவும் கற்றுக்கொண்டு, அண்டைப் பள்ளிக்கும் கற்பித்தால், ஒதுக்கப்பட்ட பழைய கணினிகளும் மீண்டும் பாடம் சொல்லும். நகர்ப்புறப் பிள்ளைக்குக் கிட்டும் கருவி தோட்டப்புறப் பிள்ளைக்குக் கிட்டாமற்போவது, வறுமையினும் கொடிய பிரிவினையாக வளரும். பத்து வெள்ளிப் பங்கினால் ஒரு தோட்டத்தையே தமதாக்கிக்கொண்ட சமுதாயத்திற்கு, உரிமக் கட்டணமே வேண்டாத ஒரு மென்பொருளைத் தமதாக்கிக்கொள்வது அரிய செயலாகாது.